அம்பை ஒண்ணு

சாயங்காலம் ஆறு இருபது வண்டி. ஜங்ஷனிலிருந்து பாவநாசம்.
தோல்பை, விசில், விரலிடுக்கில் மடித்த நோட்டு,
இருபத்திரண்டு வருஷமாய் நான் கண்டக்டர்.
எங்கள் பக்கத்தில் நக்கல் தண்ணிபட்ட பாடு.
பேச்சின் வாலில் ஒரு ‘லே’ ஒட்டினால்
அது முதுகில் தட்டுவதா, செவிட்டில் அறைவதா
என்பது சொல்கிறவன் வாயில் இல்லை,
கேட்கிறவன் நிற்கிற இடத்தில் இருக்கிறது.
இது தெரிய எனக்கு வெகுநாள் ஆயிற்று.

ஆவணியில் ஒரு நாள், நல்ல கூட்டம்.
படியோரம் ஒருவன், கையில் எவர்சில்வர் தூக்கு.
“எங்கலே?” என்றேன்.
“சே... சே... சே...”
கழுத்து நரம்பு புடைக்கிறது, கண் மூடிக்கொள்கிறது,
ஊர் மட்டும் வரவில்லை.
“நீ ஊர்ப்பேரச் சொல்லி முடிக்கதுக்குள்ள
வண்டி பாவநாசத்துல போயி நின்னுரும்லே.”

பஸ் முழுக்கச் சிரித்தது.
முறுக்கு தின்றுகொண்டிருந்தவருக்குப் புரையேறிவிட்டது.
டிரைவர் சங்குபாண்டி கண்ணாடியில் பார்த்துச் சிரித்தான்.
அவனும் சிரித்தான்.
பிற்பாடு நினைக்கையில்
அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை:
அவனும் சிரித்தான்.

மறுநாள் ஏறினான். நான் கேட்குமுன்னே
“அம்பை ஒண்ணு.”
தடங்கல் இல்லை. வாயைத் திறந்தால் போதும்,
தானே வந்துவிடுகிற ஊர்.
கிழித்துக் கொடுத்தேன்.

புரட்டாசி. ஐப்பசி. கார்த்திகை மழையில்
சுத்தமல்லி விலக்கில் முட்டளவு தண்ணீர்.
அம்பை ஒண்ணு, அம்பை ஒண்ணு.
தையில் ஒரு ராத்திரி, கூட்டம் குறைவு என்பதால் பார்த்தேன்.
சேர்மாதேவியில் இறங்கினான்.
தூக்கை ஆட்டிக்கொண்டு
கன்னடியன் கால்வாய்ப் பக்கமாய் நடந்தான்.
அடுத்த நாளும். அதற்கடுத்த நாளும்.

டிரிப் ஷீட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.
சேர்மாதேவிக்கும் அம்பைக்கும் வித்தியாசம் பதினொரு ரூபாய்.
ஞாயிறு கழித்து நூற்றிருபத்தைந்து நாள்.
ஆயிரத்து முந்நூற்று எழுபத்தைந்து.
பேசியது நான், சிரித்தது பஸ்,
பணம் போனது முதலாளி கல்லாவுக்கு.
கட்டியது அவன்.
சில்லறை பாக்கி என்றால்
டிக்கெட்டின் பின்னால் எழுதிக் கொடுப்போம்.
இதை எதன் பின்னால் எழுத?

மறுநாள் கேட்காமலே
சேர்மாதேவிக்குக் கிழித்து நீட்டினேன்.
பெரிய உபகாரம் செய்கிற நினைப்பு.
அவன் டிக்கெட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
“நா இன்னும் கேக்கலயே.”
பிறகு, “அம்பை ஒண்ணு.”
சரிதான். அவன் வாயை அடைத்த நானே
அவனுக்குப் பதிலாகப் பேசவும் வந்துவிட்டேன்.

அப்புறம் பெரிதாய் ஒன்றும் செய்யவில்லை.
‘லே’யை விட்டேன்.
தூக்கில் புள்ளி புள்ளியாய் வெட்டியிருந்த பேரைப் படித்தேன்:
தளவாய்.
“எங்க போகணும், அண்ணாச்சி?”
அவனைவிட எனக்குப் பத்து வயசு கூடுதல். இருக்கட்டும்.
கேட்டுவிட்டு நிற்பேன்,
அடுத்த ஆளிடம் திரும்பாமல்,
நாணயத்தால் கம்பியைத் தட்டாமல்.
“அம்பை ஒண்ணு.”
“சரி, அண்ணாச்சி.”
மாசி முழுக்க இப்படியே போயிற்று.

பங்குனி உத்திரத்துக்கு முந்தின வாரம்.
வண்டி இன்னும் பேட்டை தாண்டவில்லை.
“எங்க போகணும், அண்ணாச்சி?”
“சே...”
பின் சீட்டில் ஒரு பயல் களுக்கென்றான்.
நான் திரும்பவில்லை,
திரும்பினால் அதுவும் ஒரு அவசரம்.
“சே... சே...”
சங்குபாண்டி ஹாரனை அமுக்குகிறான்.
யாரோ மிச்சச் சில்லறை கேட்கிறார்கள்.
பேட்டை போய்விட்டது.
சுத்தமல்லி விலக்கில் ஆள் இறங்க வேண்டும்,
யாராவது தகரத்தைத் தட்டட்டும்.
நான் நின்றுகொண்டிருக்கிறேன்
கையில் டிக்கெட் கட்டோடு,
ஊர்ப்பேர் முழுசாய் வரட்டும் என்று.